பழி என் காலுக்கு

9 ஜூன், திங்கள்

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. ஷோரூம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வண்டி வந்தது. இருபது வயது ஜெர்மன் வண்டி, கியர் தானாக மாறும் ஆட்டோமேட்டிக். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது இஞ்சின் சும்மா உறுமுகிறது, பிறகு ஒரு இடி. சில சமயம் இரண்டிலேயே நின்றுகொள்கிறது. இதற்காகத்தான் மூன்று நாள் விட்டிருந்தேன்.

சூப்பர்வைசர் எனக்குப் பதில் சொல்லவில்லை. என் முன்னாலேயே பெங்களூரில் இருக்கும் மகன் அருணுக்கு போன் போட்டான். "வண்டியில ஒண்ணுமில்லீங்க சார். மேடம் ஆக்சிலேட்டர்ல காலைக் கொஞ்சம் அழுத்தமா வெக்கறாங்க போலிருக்குதுங்க. வயசாச்சில்லீங்களா." எவ்வளவு மரியாதையாகக் கிழவி என்றான்!

சாயங்காலம் அருண்: "ஞாயித்துக்கெழமை வாரேங்கம்மா. வண்டியக் குடுத்துப்போடலாம். சர்ச்சுக்கு ஆட்டோ இருக்குது, பத்தாதுங்களா?"

பத்தாது. அவர் இருந்தவரை எனக்குப் பக்கத்து சீட்டுதான். ஐம்பத்தெட்டு வயதில் லைசென்ஸ் எடுத்தேன், மூன்று வருடமாக ஓட்டுகிறேன். காலில்தான் குறை என்றால் நானே சாவியைக் கொடுத்துவிடுவேன். முதலில் நிரூபிக்கட்டும்.

10 ஜூன், செவ்வாய்

பாலிடெக்னிக் இயற்பியல் லேபில் முப்பது வருடம் குப்பை கொட்டியவளிடம் 'போலிருக்குது' என்கிறான்! அளந்து பார்க்க வேண்டாமா? இன்றைய ரீடிங்:

கிளப்பியதும் – சரி.
ஆர்.எஸ்.புரத்தைச் சுற்றி இருபது நிமிடம், வண்டி சூடு – உறுமல், இடி.
காலைப் பூப்போல வைத்து – இடி.
நன்றாக மிதித்து – அதே இடி.
பிறகு இரண்டிலேயே நின்றது. ஆஃப் செய்து ஆன் செய்தேன் – மூன்று விழுந்தது.

என் காலை யாரும் ஆஃப் செய்து ஆன் செய்யவில்லையே!

கத்தரிக்காய், தேங்காய் 2. மாத்திரை வாங்க மறந்தாயிற்று.

11 ஜூன், புதன்

மழை. கீழ்வீட்டு சரஸ்வதி: "ஏனுங்க டீச்சர், ஆனைமலைக்குப் போயி மாசாணியம்மனுக்கு மொளகா அரைச்சுப் பூசிட்டு வாங்க. அந்த சூப்பர்வைசருக்கு அப்பத் தெரியும்." நான் அந்தோணியாரைக் கும்பிடுகிறவள். இருந்தாலும் மிளகாய் நினைப்பு மனதை விட்டுப் போகவில்லை.

குடைத் தண்ணீருக்காக பக்கத்து சீட்டின் காலடியில் பேப்பர் விரித்திருந்தேன். எடுத்தால் ஓரத்தில் சிவப்புக் கறை. தண்ணீர் இல்லை, பிசுபிசுப்பு. கார்ப்பெட்டைத் தூக்கினேன். அடியில் கியரை மாற்றச் சொல்லும் கம்ப்யூட்டர் பெட்டி. ஒயர் நுனியெல்லாம் சிவப்பு எண்ணெய். வெள்ளைக் கைக்குட்டையில் துடைத்து வைத்துக்கொண்டேன். கியர் எண்ணெய்க்கு இங்கே என்ன வேலை?

12 ஜூன், வியாழன்

காபி வடிகட்டும்போது உறைத்தது. ஒயருக்குள் மெல்லிய கம்பிகள், நடுவே மயிரிழை இடைவெளி. அதன் வழியாகவே கியர்பாக்ஸ் எண்ணெய் பெட்டி வரை ஏறி வந்திருக்கிறது. கண்ணாடிக் குழாயில் மை ஏறுவதை எத்தனை பேட்சுக்குக் காட்டியிருப்பேன், மக்கு!

மதுக்கரை ரோட்டில் பழனிச்சாமி என்று ஒருவரின் ஒர்க்‌ஷாப். பழைய ஆட்டோமேட்டிக் வண்டிகள்தான் பார்க்கிறார். ரீடிங் தாளையும் கைக்குட்டையையும் நீட்டினேன். படித்துவிட்டு அவரே ஓட்டினார். மரப்பாலம் தாண்டியதும் இடி.

"டீச்சரம்மா, இப்ப மிதிச்சது என்ற காலுங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வண்டியைத் தூக்கிப் பார்த்தார். கியர்பாக்ஸில் ஒயர் நுழையும் பிளக்கின் ரப்பர் வளையம் இறுகி வெடித்திருக்கிறது. அங்கேதான் கசிவு. எண்ணெயும் குறைவு. இந்த வண்டியில் எண்ணெய் அளக்கக் கம்பியே வைக்கவில்லையாம், வெறும் குழாய்தான். "அதனால யாரும் பாக்கறதே இல்லீங்க. பாக்ஸையே மாத்தோணும்பாங்க, இல்லாட்டி ஓட்டறவங்க மேல சொல்லிப்போடுவாங்க."

நாளைக்கே மாற்றித் தருகிறேன் என்றார். வேண்டாம், திங்கட்கிழமை வருகிறேன் என்றேன். அருண் முதலில் ஓட்டட்டும்.

15 ஜூன், ஞாயிறு

பூசை முடிந்து அருண் ஓட்டினான். நான் வாயே திறக்கவில்லை. அரை மணி நேரத்தில் இடி. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"வண்டிதாங்கம்மா."

"ஆமா கண்ணு."

வீட்டுக்கு வந்து, "செரி, ரிப்பேர் பண்ணியே வித்துப்போடலாம்," என்கிறான். கியர் இவனுக்கு ஒரு சாக்கு. நான் தனியாக ஓட்டுவதே பயம். பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. அவன் பயத்துக்கு நான் ஏன் ஆட்டோவில் போக வேண்டும்? சாவியைக் கேட்டான். பருப்பு டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

17 ஜூன், செவ்வாய்

வெயில். நேற்று பிளக், ஃபில்டர், எண்ணெய் எல்லாம் மாற்றியாயிற்று. பெட்டியையும் துடைத்துக் காயவைத்துப் பூட்டிக் கொடுத்தார் பழனிச்சாமி.

அருணுக்கு மதியம் போத்தனூரில் ரயில். ஆட்டோவுக்கு போனை எடுத்தான். "ஏறுடா," என்றேன். சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். டவுன்ஹால் பக்கம் நல்ல நெரிசல். வண்டி சூடாகிவிட்டது. உக்கடம் பாலம் ஏறினேன். இரண்டு, மூன்று, நான்கு. எப்போது மாறியதென்றே தெரியவில்லை. பார்த்தாயா என்று திரும்பினால், வாயைத் திறந்து தூங்குகிறான்.

ஸ்டேஷனில் எழுப்பினேன். "பாத்து மெதுவா ஊட்டுக்குப் போங்கம்மா."

"நீ பையை மறக்காம எடு."

ரயில் கிளம்பியதும் வண்டியைத் திருப்பினேன், வீட்டுப் பக்கம் இல்லை. பொள்ளாச்சி ரோட்டில் இளநீர் குடித்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.