கவரைப்பேட்டை கேட், 1998

அன்பு மகளுக்கு,

நீயும் அண்ணனும் செய்த ‘கவரைப்பேட்டை கேட்’ விளையாட்டை, பழைய கணினி விளையாட்டுகளைச் சேர்த்துவைக்கும் ஓர் இணையக் காப்பகத்தில் யாரோ ஏற்றியிருக்கிறார்கள். வெளியான ஆண்டு 2003 என்று இருந்தது. 2003-இல் அவன் உயிரோடு இல்லையே! பிளாப்பியிலிருந்து சிடிக்கு மாற்றிய தேதியைப் பார்த்துப் போட்டுவிட்டார்கள். பிறப்புச் சான்றிதழ் வாங்கிய நாளையா பிறந்தநாள் என்கிறோம்? இப்படி விளக்கி எழுதினேன். உடனே 1998 என்று திருத்திவிட்டார்கள்.

ஆனால் செய்தவர் என்ற இடத்தில் அவன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. உன் பெயரைச் சேர்க்க உன் சம்மதம் வேண்டுமாம். போனில் கேட்டதற்கு, “நான் இன்னா பண்ணேன்? மைக்ல கத்துனேன், அவ்ளோதான். அவன் பேரே இருக்கட்டும், உடுப்பா” என்று வைத்துவிட்டாய்.

நான் விடுவதாக இல்லை.

நேற்றும் விளையாடினேன். என் சைக்கிள் தண்டவாளத்தைத் தாண்டுவதற்குள் கேட் விழுந்தது. “மூடிட்டாங்க நைனா! போயி நாஷ்டா துன்னுட்டு வா!” என்று பத்து வயதுக் குரலில் கத்தினாய். சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேட்டுப் பார். உனக்குப் பின்னால் ஒருவன் அடக்க முடியாமல் சிரிக்கிறான். அவன் குரல் நம்மிடம் வேறெங்கும் இல்லை. நீ கத்தியதால்தான் அதுவாவது இருக்கிறது.

அதனால் இரண்டு வரி எழுதிவைத்திருக்கிறேன்.

குரல்: பிரின்சி.
சிரிப்பு: ஸ்டீபன்.

சரி என்று நீ ஒரு வார்த்தை அனுப்பினால் போதும். அனுப்புவாய், எனக்குத் தெரியும்.

இன்னும் ஒரு முறைகூட கேட்டைத் தாண்டாத
உன் அப்பா