ஒன்றரை மணி நேரப் பயணம்

மார்ச் 3

அன்பு வாலுப் பெண்ணுக்கு,

அப்பா எழுதுவது. போனில் நான் பஸ் ஸ்டாண்டு மைக்கில் பேசுவது போலக் கத்துகிறேன் என்று நீ குறைப்பட்டதால் பேனாவைப் பிடித்திருக்கிறேன். இங்கே நாங்கள் சுகம். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுக்குள் உதைப்பவரும் சுகம்தானே?

அம்மாவுக்கு நீ அனுப்பிய போக, வர விமான டிக்கெட்டுகள் வந்து சேர்ந்தன. கூடவே ஒரு நல்ல சேதி. மூன்று வருஷமாக, "ரெண்டு மணி நேரத்துக்கு மேல எதுல உக்காந்தாலும் எனக்குத் தலை சுத்தும், நான் வரல" என்று அடம்பிடித்த உன் அம்மா சம்மதித்துவிட்டாள். டிக்கெட்டை அவள் முன்னால் நீட்டினேன். இங்கே புறப்பாடு காலை ஒன்பது. அங்கே சேருவது பத்தரை. "பாத்தியா, ஒன்றரை மணி நேரம்தான். உன் தங்கச்சி வீட்டுக்கு பஸ்ல போறதைவிடக் கம்மி" என்றேன். நேற்றே பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டாள். பிரசவத்துக்கு அவள் உன் பக்கத்தில் இருப்பாள். கவலையை விடு.

உன் அப்பா

மார்ச் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் சிரித்தேன். பிறகு பயந்துவிட்டேன்.

அப்பா, இங்கே கடிகாரம் உங்களுடையதைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். பயணம் நாலு மணி நேரம். இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே மூவாயிரம் கிலோமீட்டர். அதை ஒன்றரை மணியில் ஓட்டிவந்த டிரைவரை நீங்கள் சும்மா விட்டிருப்பீர்களா? முப்பது வருஷமாக டைம் கீப்பர், ஒரு நிமிஷம் பிந்திய பஸ்ஸுக்கே ரிப்போர்ட் எழுதுபவர், இதில் எப்படிக் கோட்டை விட்டீர்கள்?

அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அவள் வராவிட்டால் அழுவேன், மறைக்க மாட்டேன். பிரசவ அறையில் அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. ஆனாலும் ஏமாற்றிக் கூட்டிவர வேண்டாம்.

உங்கள் மகள்

மார்ச் 26

அன்பு மகளுக்கு,

மாட்டிக்கொண்டேன். நாலு மணி நேரம் என்பது எனக்கு முதல் நாளே தெரியும். டைம் கீப்பருக்கா கணக்குப் பிடிபடாது? உன் அம்மாவை எப்படியாவது ஏற்றிவிட்டால் போதும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். உன் கடிதம் வந்த அன்றே, அவள் கையில் காய் நறுக்கும் கத்தி இருந்ததையும் பொருட்படுத்தாமல், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

அவள் நிமிரக்கூட இல்லை. "எனக்குத் தெரியும். கவரைப் பிரிச்சதே நான்தான். அடுத்த வீட்டு டீச்சர் அன்னைக்கே கணக்குப் போட்டுச் சொல்லிட்டா" என்றாள்.

"அப்புறம் ஏன் ஒத்துக்கிட்டே?"

"பொண்ணுக்கு முதல் பிரசவம். நாப்பது மணி நேரம்னாலும் போய்த்தானே ஆகணும்? மூணு வருஷமா வரலன்னு சொன்னவ ஒரே நாள்ல எப்படித் தலையாட்டறது? நீங்களா ஒரு சாக்கு குடுத்தீங்க, எடுத்துக்கிட்டேன்."

இப்போது எனக்கு லீவு உள்ள நாட்களில் மர நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து பழகுகிறாள். நேற்று மூன்று மணி பத்து நிமிஷம். நேரம் குறிப்பது என் வேலை.

ஒரே ஒரு சிக்கல். திரும்பும் டிக்கெட்டில் அங்கே புறப்பாடு காலை பதினொன்று, இங்கே சேருவது மாலை ஐந்தரை. அதில் விரலை வைத்து, "ஆறரை மணி நேரம். அவ்வளவு நேரமெல்லாம் என்னால உக்கார முடியாது. குழந்தை தவழட்டும், அப்புறம் பாக்கலாம்" என்கிறாள். கடிகார விஷயத்தை விளக்கப் போனேன். "நீங்க போட்ட கணக்குதானே?" என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

திரும்பும் தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று விசாரித்து வை.

உன் அப்பா