ஆமையின் தோலும் என் எச்சிலும்

மூதூர்

அன்பு மகள் றிஷானாவுக்கு உம்மாவின் ஸலாம். நீங்களும் மருமகனும் பிள்ளையும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருப்பீர்கள், இங்கே வாப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, எனக்கு ஒரு வருத்தமுமில்லை, சமைக்கிறேன், சாப்பிடுகிறேன், படுக்கிறேன். இனிச் சொல்லப்போவதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தம்பி றிகாஸும் ஆமினா உம்மாவின் மகன் றிஷாத்தும் மட்டும் போன படகு வாடைக்காற்றில் காணாமல் போன பிறகு, மாலைதீவில் ஒரு மையத்து கரையொதுங்கியதாகப் பொலிஸுக்குச் செய்தி வந்தது. முகம் தெரியவில்லையாம், பக்கத்தில் நம் படகின் நீல நிறத்தில் உடைந்த துண்டொன்று கிடந்ததாம், அங்குள்ளவர்கள் தொழுவித்து அடக்கிவிட்டார்கள். யாரென்று அறியத் தாய்மாரின் எச்சில் வேண்டும் என்றார்கள். ஆமினா உம்மா கதவைச் சாத்திக்கொண்டார். “எச்சில் குடுத்தா பிள்ளை மௌத்தெண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி, எனக்கு ஏலாது” என்றாராம். நானும் கொடுக்கவில்லை.

அந்த நாட்களில்தான் கடலாமைகளைப் பற்றிப் படிக்கிற கௌசிகா என்ற திருகோணமலைப் பிள்ளை வீட்டுக்கு வந்தது. போன வருஷம் வாப்பாவின் வலையில் ஒரு பேராமை பட்டபோது, ஆமை பிடித்ததாக வழக்கு வருமோ என்று அவர் பயந்துகொண்டே இந்தப் பிள்ளையைக் கூப்பிட்டார், றிகாஸ் ஆமையைப் பிடித்துக்கொள்ள இந்தப் பிள்ளை அதன் துடுப்புக்காலில் நகத்தளவு தோல் எடுத்துவிட்டுக் கடலில் விட்டது. அந்தத் தோலைச் சோதித்த முடிவு வந்திருக்கிறது, றிகாஸிடம் சொல்ல வந்தனான் என்றது, தம்பியின் விஷயம் அதற்குத் தெரியாது. நம் கொட்டியாரக்குடாவில் கடற்புல் மேய்கிற அந்த ஆமை அனேகமாக மாலைதீவுக் கரையில் பொரித்ததாம். எப்படித் தெரியும் என்று கேட்டேன். “தாயிட்டயிருந்து பிள்ளைக்கு மாறாமல் வாற ஒண்டு தோலுக்குள்ள இருக்கு அன்ரி, பெண் ஆமை தான் பொரிச்ச கரைப்பக்கம்தான் திரும்ப முட்டையிடப் போகும், அதால அந்தக் கரையின்ர தாய்வழி எதெண்டு பார்க்கலாம்” என்றது. மனிதருக்குமா என்று கேட்டேன். ஓம் என்றது.

மறுநாள் வாப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய் எச்சில் கொடுத்தேன்.

போன கிழமை பொலிஸில் கூப்பிட்டுச் சொன்னார்கள். அது நம் றிகாஸ் இல்லை. வாப்பா நேரே பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். நான் வீட்டுக்கு வந்து மீன் கழுவினேன், சந்தோஷமும் வரவில்லை அழுகையும் வரவில்லை, கை மட்டும் தன்பாட்டில் வேலை செய்தது. றிகாஸ் இல்லையென்றால் அது யார் என்று பிறகுதான் நினைவு வந்தது மகள்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு ஆமினா உம்மாவிடம் போனேன். கதவைத் திறந்தார். என் பிள்ளை இல்லையாம் என்று மட்டும் சொன்னேன், அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருவரும் குசினி வாசலில் இருந்தோம், அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, ஒருவரும் எழும்பவில்லை. கடைசியில் அவர், “நோகுமா ஸுல்பிகா?” என்று கேட்டார். இல்லை, பஞ்சுக்குச்சியால் கன்னத்துக்குள்ளே தடவுவார்கள், அவ்வளவுதான் என்றேன்.

திங்கட்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

அல்லாஹ் உங்கள் வீட்டில் பறக்கத்தைத் தரட்டும், பிள்ளையைக் குளிரில் வெளியே கொண்டுபோக வேண்டாம். துஆ கேட்கும்போது றிகாஸ், றிஷாத் பேர் இரண்டையும் சொல்லுங்கள்.

உங்கள் உம்மா
ஸுல்பிகா