சறுக்குக் குழியில் காய்ந்த நெத்தலி

பாசமிகு புஸ்பராணி அக்காவுக்கு,

முழங்கால் வலி எப்படி? நான் மலைபோல் இருக்கிறேன். இனிச் சொல்லப்போவதை உலகில் ஒருவரும் நம்பமாட்டார்கள், சத்தியம்.

திருகோணமலைக் கடற்கரையில் பிள்ளைகள் ஸ்கேட்போர்ட் எனும் சில்லுப்பலகையில் சறுக்கி விளையாட நான் படம் வரைந்து கட்டுவிக்கும் சீமெந்துக் குழியில், பிள்ளைகளுக்கு முன்பே ஏழு கடல் நெத்தலியும் வந்து காய்ந்தது!

"தம்பி, நாங்க கருவாடு போட்ட இடமெல்லோ இது? இனி எங்க போற?" என்று கேட்டார், அங்கே மீன் காயவைக்கும் பெண்களில் ஒருவரான உம்மு குல்சும். படத்தை மாற்றி, ஓரத்தில் அவர்களுக்கென்று ஒரு தளம் வைத்தேன். உடனே துறைமுகக் கப்பல்களெல்லாம் ஊதின, ஊரே எனக்கு விருந்து வைத்தது!

நெத்தலி பொரிக்க உங்கள் மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்புங்கோ. தளத்துக்குச் சீமெந்து லொறி வந்துவிட்டது, ஓடவேண்டும்.

அக்கா, கப்பல் ஒன்றும் ஊதவில்லை. உம்மு குல்சும் தன் வீட்டில் எனக்குச் சோறு போட்டது மட்டும் உண்மை. இங்கு வந்தபின் அன்றுதான் தனியே சாப்பிடவில்லை.

தம்பி பிரகலாதன்