ஒரு கிலோக் கல்

மதுரை, 9.6.1969

அன்புள்ள அத்தாவுக்கு அஜீஸா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே ஆஸ்பத்திரியில் நடப்பதை உள்ளபடியே எழுதுவேன். நீங்கள் பயப்படுவீர்கள் என்று எதையும் மறைக்க மாட்டேன்.

அம்மாவின் கழுத்துக் கட்டிக்குப் பதினொரு தடவை கரண்டு, அதுதான் கதிர் சிகிச்சை, வைத்தாகிவிட்டது. மொத்தம் முப்பது. தூங்கி எழுந்தாலும் சோர்வு போகவில்லை. பல் துலக்கி வந்தாலே மூச்சு வாங்குகிறது. சோற்றில் ஊற்றும் மீன் ஆணம் இரும்பு மாதிரி ருசிக்கிறதாம். நாற்பத்திரண்டு கிலோ இருந்தவர்கள் இன்று நாற்பதரை. நாற்பதுக்குக் கீழே போனால் கரண்டை நிறுத்தி வைப்பார்களாம். அம்மா அதைக் கேட்டதிலிருந்து, ஞாயிறன்று வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்கிறார்கள்.

அஜீஸா

காரைக்குடி, 18.6.1969

அன்பு மகள் அஜீஸாவுக்கு அத்தாவின் துஆ.

ஞாயிறன்று உன் அம்மாவைப் பார்த்தது மனதுக்கு ஆறுதல். கடையில்தான் தொல்லை. அன்றிலிருந்து ஒரு கிலோ எடைக்கல்லைக் காணோம். இரண்டு அரைக் கிலோக் கல்லை வைத்துச் சமாளிக்கிறேன். எடுத்தது நீதானே என்று சின்னச்சாமியைச் சத்தம் போட்டுவிட்டேன். பதினாறு வருஷம் வேலை பார்த்தவன், மறுநாளிலிருந்து வரவில்லை.

முகைதீன் பிச்சை

மதுரை, 23.6.1969

அன்புள்ள அத்தாவுக்கு,

சின்னச்சாமி அண்ணன் எடுக்கவில்லை. கல் அம்மாவின் மடியில் இருந்தது.

போன திங்கள் எடை சரியாக நாற்பது காட்டியது. ஆனால் வளையல் முழங்கை வரை ஏறுகிறதே என்று யோசித்தேன். உங்கள் கடிதம் வந்ததும் கேட்டேன். “சொல்லாத புள்ள. பாதியில நிப்பாட்டிப்புடுவாக. அப்புறம் நான் எந்திரிக்க மாட்டேன்” என்றார்கள். இரண்டு நாள் யோசித்தேன். இன்று எடை மெஷினில் அம்மா ஏறியதும், “டாக்டர், அம்மா மடியில ஒரு கிலோ இருக்கு” என்று சொல்லிவிட்டேன்.

நிஜ எடை முப்பத்தொன்பது. டாக்டர் திட்டவில்லை. சாப்பாடு குறைந்ததோடு, நோயும் கரண்டும் சேர்ந்து உடம்பின் சதையையே கரைக்கின்றன என்றார். ஒரு வாரம் நிறுத்தம். முட்டையும் பாலும் கொடுக்க வேண்டும்.

அம்மா முட்டையைத் தள்ளிவிட்டார்கள்.

அஜீஸா

காரைக்குடி, 26.6.1969

அன்பு மகளுக்கு,

சின்னச்சாமி வீட்டுக்கு நானே போனேன். “முதலாளி, கல்லு கிடைச்சிருச்சா, இல்ல இன்னொண்ணக் காணாமா?” என்று கேட்டான். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பிறகு இருவரும் சேர்ந்து கடை திறந்தோம்.

நீ செய்தது சரி. நம் கடைக் கல் இதுவரை பொய் எடை காட்டியதில்லை. அதை யாரிடமும் கொடுத்தனுப்பாதே. எடுத்துப் போனவளே சுமந்து வந்து தராசில் வைக்கட்டும். இதை அவளிடம் படித்துக் காட்டு.

முகைதீன் பிச்சை

மதுரை, 30.6.1969

அன்புள்ள அத்தாவுக்கு,

படித்துக் காட்டினேன். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார்கள். பிறகு, “அந்த முட்டையக் கொண்டா” என்றார்கள். மூன்று தடவை குமட்டியும் முழுதாகத் தின்றார்கள். அன்றிலிருந்து தினமும் இரண்டு.

இன்று மடியை உதறிக் காட்டிவிட்டு ஏறினார்கள். முப்பத்தொன்பதரை. “இறங்காமல் இருக்கிறதே, போதும்” என்று டாக்டர் மறுபடி கரண்டு வைத்தார். திரும்பி வரும்போது வராந்தாவில் நான்கு இடத்தில் உட்கார்ந்தார்கள். “இன்னும் ஒம்பதுதானே புள்ள” என்று ஒவ்வொரு தடவையும் தானாகவே எழுந்தார்கள்.

கல் கட்டிலுக்கடியில் இருக்கிறது. “நாந்தானே கடைக்குச் சொமந்து போகணும்” என்று அம்மா அதைத் தினமும் ஒருமுறை தூக்கிப் பார்க்கிறார்கள். இன்று ஒரு கையால் முடியவில்லை. அதையும் எழுதச் சொன்னார்கள். வார்டில் விளக்கை அணைக்கப் போகிறார்கள்.

அஜீஸா