பின் கதவு

அன்புள்ள அக்கா,

நேற்று உன் பாப்பாவை நம் அம்மா வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். நீ கண்ணை மூடிய பிறகு அவளுக்கு இதுதான் முதல் பயணம். அத்தான் காரை ஓட்டினார். நான் அவளோடு பின்னால் உட்கார்ந்தேன். முன்னிருக்கை காலியாகவே வந்தது.

பாதி வழியில் டயப்பர் பிதுங்கி முதுகு வரை மஞ்சள். பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, இருக்கையில் துண்டை விரித்துப் படுக்க வைத்தேன். குதிகாலை அதிலேயே முக்கி உதைத்துக் கத்தினாள்.

"மாத்துத் துணி எங்க அத்தான்?"

"எல்லாத்தையும் அவதான் எடுத்து..." என்றவர் பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

துடைத்து, என் துப்பட்டாவில் சுற்றினேன். அப்போது அழுகை சட்டென்று நின்றது. என் தோளுக்கு மேலே, திறந்திருந்த கதவுப் பக்கம் பார்த்துச் சிரித்தாள். உன்னிடம் மட்டும் சிரிப்பாளே, கெக்கெக்கென்று, அதே சிரிப்பு. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பங்க்கைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "அம்மாவப் பாத்ததும் என்ன சிரிப்பு" என்றாள். நான் சித்தி என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஆமா, அம்மாவைப் பாத்துதான்" என்றேன்.

அத்தான் கதவைச் சாத்த வந்தார்.

"கொஞ்சம் பொறுங்க அத்தான்."

அவர் கதவைப் பிடித்தபடி நின்றார்.

உன்
தங்கச்சி