உன் புது வாட்ச் பதிந்து வைத்த இறக்கம்

போன வாரம் என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஒரு பெண் வந்தாள். கண் பரிசோதிக்க உட்கார்ந்தவள், எதிரே இருந்த எழுத்துகளைப் படிக்காமல் என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, நீங்க டிரையத்லானுக்குப் போறீங்களா?" என்று கேட்டாள். தானும் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஆரம்பித்திருப்பதாகச் சொல்லிவிட்டு, போனில் இரண்டு வாட்சுகளின் படத்தைக் காட்டினாள். ஒன்று பழைய மாடல், ஒன்று இந்த வருடம் வந்தது. "இதுல எத வாங்கறதுக்கா?"

என் வாட்சைக் கழற்றித் தரச் சொன்னாள். பட்டையை அவிழ்த்ததும் அந்த வாடை வந்தது. வேர்வை ஊறிய ரப்பர், அதன் அடியில் கிணற்றுத் தண்ணீரின் பாசி நெடி. எத்தனை முறை கழுவினாலும் போகாத வாடை. என் வேர்வைக்கு முன்னால் அதில் ஊறியது உன் வேர்வை.

"கட்டிப் பாரு. எது கைய உறுத்தலையோ அத வாங்கு" என்றேன். அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை. எனக்கும்தான். அவள் போன பிறகு வேறு யாருக்கும் கண் பார்க்காமல் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவளிடம் சொல்ல முடியாததை உனக்கு எழுதுகிறேன்.

நீ தாலுகா ஆபீசில் சர்வேயர். நிலத்தை அளக்கிறவளுக்கு ஜிபிஎஸ் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும் நீ கட்டியிருந்தது பொத்தான் வைத்த கறுப்பு வெள்ளைத் திரை வாட்ச். வேலூரில் ஓடுகிற ஒருவர் கட்டிப் பழசாக்கி உன்னிடம் கொடுத்தது. வசூர் பக்கம் கரும்புக் காட்டுக் கிணற்றில் நாம் நீந்துவோம். சுவரைத் தொட்டுத் திரும்பித் திரும்பி நீந்தி மேலே ஏறி வந்து பார்த்தால், நாம் பக்கத்துக் கரும்புத் தோட்டத்துக்குள் நீந்தியதாக அது கோடு போட்டிருக்கும். நீ படிக்கட்டிலேயே உட்கார்ந்து சிரிப்பாய். "இத்த வெச்சு யாருக்காவது பட்டா குடுத்தேன்னா என்ன வூட்டுக்கு அனுப்பிடுவாங்கடி."

நான் புதுசு வாங்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன். நீ மறுத்துக்கொண்டே இருந்தாய். ஈரக் கையில் தொடுதிரை வேலை செய்யாது, பொத்தான் செய்யும் என்பாய். புதுசுக்கு ரெண்டு நாளைக்கு ஒரு தரம் சார்ஜ் போடணும், அம்மா வீட்டில் கரண்ட் இருக்கிற நேரம் எனக்கே தெரியாது என்பாய். "கீழ விழுந்தா அதுவா மெசேஜ் அனுப்புமாம்" என்று நான் சொன்னதற்கு, "மலையில டவரே இல்ல. அது யாருக்குடி அனுப்பும்? காவலூர் டெலஸ்கோப்புல நட்சத்திரம் பாக்கறவங்களுக்கா?" என்றாய்.

கடைசியில் உன்னை மாற வைத்தது மலைதான். கடலோரத்தில் நடக்கப்போகும் போட்டிக்காக நாம் சனிக்கிழமைகளில் சைக்கிளில் மலை மேல் ஜமுனாமரத்தூர் வரை ஏற ஆரம்பித்தோம். மரமும் பாறையும் மறைக்கிற வளைவுகளில் பழைய வாட்ச் வழி தவறியது. ரோடு வளைந்து போக, அதன் கோடு நேராகப் பள்ளத்தின் மேல் பறந்து போனது. தூரம் குறைந்தது, வேகம் தப்பாக வந்தது. அதைத்தான் உன்னால் பொறுக்க முடியவில்லை. "தப்பா அளக்கறத கைல கட்டினு தூக்கம் வரல" என்று ஒரு நாள் காலையில் போன் செய்தாய்.

வேலூர் கடையில் நீ செய்த கூத்தை அந்தக் கடைக்காரர் இன்னும் மறந்திருக்க மாட்டார். போன வருட மாடலை ஒரு கையிலும் புது மாடலை இன்னொரு கையிலும் கட்டிக்கொண்டு, அவர் பதறப் பதற, கடைக்கு வெளியே தெருவைச் சுற்றி நடந்தாய். இரண்டின் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாய். போன வருடத்தது உன்னை ஒரு கட்டிடத்துக்குள் புகுந்து வரவைத்திருந்தது. புதுசு, நீ ஒரு மாட்டுக்கு ஒதுங்கி நடந்த வளைவைக்கூடக் காட்டியிருந்தது. அதை எடுத்தாய். மார்பில் பட்டை கட்டாமலே மணிக்கட்டில் நாடி பார்க்கும் என்று அவர் சொன்னபோதுதான் உன் முகம் மலர்ந்தது. ஈர பனியனுக்குள் அந்தப் பட்டையோடு நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். அவசரத்துக்கு யாருக்குச் செய்தி போகணும் என்று கேட்டதற்கு என் நம்பரைக் கொடுத்தாய். உன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பழைய வாட்சை அங்கேயே அவிழ்த்து என் கையில் கட்டிவிட்டாய்.

புதுசைக் கட்டிக்கொண்டு நீ என்னோடு மலை ஏறியது அதிகம் இல்லை.

அந்தக் கடைசிப் பயணத்துக்கு முந்தின நாள் காவலூரில் உன் அம்மா வீட்டில் தங்கினோம். காலையில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டோம். உன் அம்மா நம் பின்னால் வாசல் வரை வந்து, "மழ பேஞ்ச ரோடு, பாத்துப் போங்க" என்றார். ஜமுனாமரத்தூர் தாண்டி இறக்கம் ஆரம்பித்ததும் நீ முன்னால் போனாய். இறக்கத்தில் எப்போதும் நீதான் முன்னால். ரெண்டு வளைவு வரை உன் மஞ்சள் சட்டை தெரிந்தது. மூன்றாவதில் தெரியவில்லை.

நான் வந்தபோது நீ தடுப்புச் சுவரின் ஓரமாக ஒருக்களித்துக் கிடந்தாய். ரோட்டில் மண் அரித்து வந்திருந்தது, சக்கரம் வழுக்கிப் போன தடம் இருந்தது. ஹெல்மெட் உடையவே இல்லை. ரத்தமும் அதிகம் இல்லை. சுவர் உன் மார்பில் இடித்திருந்தது. கூப்பிட்டேன். கண் பாதி திறந்திருந்தது. என் போனை எடுத்தேன், டவர் இல்லை. உன் போனிலும் இல்லை.

பலாப்பழம் ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் இறங்கி வந்தது. ஓட்டி வந்தவர் பெயர் முருகேசன். பழங்களை எல்லாம் ரோட்டோரம் உருட்டிவிட்டு, இருந்த கோணிகளை விரித்து உன்னை ஏற்றினார். உன் தலை என் மடியில். அந்த இறக்கம் முழுக்க நான் பேசிக்கொண்டே வந்தேன். என்ன பேசினேன் என்று அப்போது எனக்கே தெரியாது. மலை முடிந்து புளியமரங்கள் ஆரம்பிக்கிற இடத்தில் டவர் வந்து என் போன் அலறியது. உன் போன் வழியாக உன் வாட்ச் அனுப்பிய செய்தி. நீ விழுந்திருக்கலாம் என்று எனக்குச் சொன்னது. எந்த இடம் என்று வரைபடமும் காட்டியது.

போளூர் ஆஸ்பத்திரியில், வரும்போதே உயிர் இல்லை என்றார்கள்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் உன் அம்மாவிடம் சொன்னார்கள். "அங்கியே போயிட்டா. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது." ஆறுதலுக்குத்தான் சொன்னார்கள். ஆனால் அந்த ஆறுதல்தான் உன் அம்மாவை அரித்தது. நான் முன்னாலா பின்னாலா வந்தேன் என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒரு நாள் பஸ்ஸில் ஏறி அந்த வளைவில் இறங்கி, தடுப்புச் சுவர் ஓரமாக மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாராம். நான் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருமே இல்லாம ரோட்டுல கெடந்து போனாளா கண்ணு?" என்றார். எனக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் கவரில் உன் ஹெல்மெட்டையும் வாட்சையும் கொடுத்திருந்தார்கள். வாங்கும்போது அது ஓடிக்கொண்டிருந்தது. நீ ஆரம்பித்த சைக்கிள் பயணத்தை அது இன்னும் முடிக்கவில்லை. நான்தான் பொத்தானை அழுத்தி நிறுத்தினேன். 'நல்ல பயிற்சி' என்று திரையில் வந்தது. அதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். உன் அம்மா அப்படிக் கேட்ட பிறகுதான் வெளியே எடுத்து சார்ஜ் போட்டேன்.

உன் கோடு ரோட்டை விட்டு ஓர் அடிகூட விலகவில்லை. வளைவில் நின்றது. பிறகு மறுபடி கிளம்பி, மலை இறங்கி, ஆஸ்பத்திரி வரை வந்தது. அதன் கீழே உன் நாடி. வளைவு வரை உயரமாக வந்த கோடு, வளைவில் கீழே விழுந்தது. ஆனால் அறுந்து போகவில்லை. ஜீப் கிளம்பிய பிறகும் இருந்தது. மெலிந்து, மெதுவாக, ஒவ்வொரு வளைவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, மலை முடிகிற இடத்தில் காணாமல் போனது.

அன்று ஆஸ்பத்திரியில் பணியில் இருந்த டாக்டரிடம் வாட்சை எடுத்துப் போனேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இத வச்சு நான் எதுவும் எழுதித் தர முடியாதும்மா. வண்டி குலுங்கறதையே சில சமயம் இது நாடின்னு எடுத்துக்கும்" என்றார். நான் எழுந்தபோது, "உயிர் இருந்திருக்கலாம். ஆனா நினைவு இருந்திருக்காது. அந்த அடிக்கு, எங்க கேட்டு வாசல்லயே விழுந்திருந்தாலும் எங்களால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. அதையும் அவங்க அம்மாகிட்ட சொல்லுங்க" என்றார்.

'இருந்திருக்கலாம்' என்பதை எடுத்துக்கொண்டு உன் அம்மாவிடம் போக எனக்குத் துணிவில்லை. நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று யோசித்தேன். நீ ஒரே ஒரு அளவை மட்டும் நம்பி எல்லைக்கல் நட்டதில்லை. மறுபடி அளப்பாய்.

முருகேசனைத் தேடிப் போய், வாட்ச் காட்டிய நாடியைப் பற்றிச் சொன்னேன். அதே ஜீப், அதே ரோடு. ஒரு போர்வையை இறுக்கிச் சுருட்டி, அதன் மேல் உன் வாட்சைக் கட்டி, பின்னால் கோணி மேல் கிடத்தினேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா மேடம் இது? துணிக்கு ஏது நாடி?"

"அதத்தாண்ணே பாக்கணும். அன்னிக்கு ஓட்டின மாதிரியே ஓட்டுங்க."

"அன்னிக்கு எப்பிடி ஓட்டினேன்னு எனுக்கே தெரியாது மேடம்" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

நீ விழுந்த வளைவில் ஆரம்பித்தோம். கொஞ்ச தூரம் போனதும் துணி மேல் கட்டிய வாட்ச் ஓர் எண்ணைக் காட்டியது. அவ்வளவுதான், எல்லாம் ஜீப்பின் குலுக்கல்தான் என்று நினைத்தேன். ஆனால் அடுத்த பள்ளத்தில் எண் தாவியது, பிறகு மறைந்தது, எண் இருந்த இடத்தில் வெறும் சிறு கோடுகள் நின்றன, மறுபடி எங்கோ உயரத்தில் ஒன்று வந்து போனது. புளியமரங்களுக்கு வந்து வண்டியை ஓரம் கட்டினோம். இரண்டு கோடுகளையும் அவரிடம் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினேன். துணியினுடையது, உதறிப் போட்ட முள் மாதிரி அங்கங்கே கிடந்தது. உன்னுடையது ஒரே கோடு.

"இது வேற, அது வேற மேடம்" என்றார் முருகேசன். பிறகு, "அப்போ அந்தப் பொண்ணு என் வண்டில உசுரோட தான் வந்துச்சா?" என்று கேட்டு, ஸ்டீயரிங் மேல் தலை வைத்துக்கொண்டார்.

மறுநாளே காவலூருக்கு பஸ் ஏறினேன். உன் அம்மா வீட்டுப் பின்னால் சாமை உலர்த்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னது, துணி கட்டிப் பார்த்தது, எதையும் விடவில்லை. நிச்சயம் என்று சொல்லவில்லை. நான் நம்புகிறேன் என்று மட்டும் சொன்னேன். திரையைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.

"உன் மடியிலயா?"

"என் மடியிலதாம்மா."

"பேசினியா அவகிட்ட?"

"பேசிக்கினே வந்தேன்."

"இன்னா பேசின?"

அதுவரை எனக்கு ஞாபகம் இல்லாதது அப்போது வந்தது. மெதுவாக, முன்னும் பின்னுமாக வந்தது. முதலில் திட்டினேன். மழை ரோட்டில் எதற்கு அந்த வேகம் என்று. கடல் போட்டிக்கு நான் தனியாகப் போக மாட்டேன், அலையைப் பார்த்தால் எனக்குப் பயம் என்றேன். உன் கண்ணாடியில் கீறல் விழுந்திருக்கிறது, வேறு லென்ஸ் போட்டுத் தருகிறேன் என்றேன். காலையில் இரண்டாம் தரம் குழம்பு கேட்டது நீதான், நானில்லை என்றேன். உங்கம்மாவுக்கு நான் இன்னா பதில் சொல்வேன், எழுந்திருடி என்றேன். அதையே பலமுறை சொன்னேன்.

உன் அம்மா சாமையைக் கையால் பரப்பியபடியே கேட்டார். கடைசியைச் சொன்னதும் கை நின்றது.

"என்னப் பத்திப் பேசினியா?"

"ஆமாம்மா."

"அப்போ நான் கூட இருந்த மாதிரிதான்" என்றார். அன்று நான் கிளம்பும் வரை அழுதார். நீ போன நாளிலிருந்து அவர் அழுததே இல்லை என்று பிறகுதான் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அந்த வளைவுக்கு அவர் அதன் பின் போகவில்லை.

போட்டிக்கு நான் போகவில்லை. இனிப் போவேனா என்றும் தெரியவில்லை. கிணற்றில் மட்டும் நீந்துகிறேன், தனியாக. சைக்கிளில் அந்த மலையை என்னால் இறங்க முடியவில்லை. மாதம் ஒருமுறை உன் அம்மாவைப் பார்க்க பஸ்ஸில்தான் போய் வருகிறேன். ஏறும்போது ஒன்றும் ஆவதில்லை. திரும்பி இறங்கும்போது, தடுப்புச் சுவர் வந்ததும், நான் நினைக்காமலே வாய் பேச ஆரம்பித்துவிடுகிறது. கடையில் வந்த ஆள், கிணற்றில் ஏறிய தண்ணீர், உன் அம்மாவின் முழங்கால் வலி என்று எதையாவது. பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். ஒருமுறை கண்டக்டர் வந்து, "இன்னாம்மா, உடம்பு சரியில்லியா?" என்று கேட்டார்.

இல்லை என்று தலையசைத்துவிட்டுப் பேசிக்கொண்டே வந்தேன். புளியமரங்கள் வரும் வரைக்கும் நான் நிறுத்துவதில்லை.